நீடித்த வன மேலாண்மை: குருவிகுளம் கரிசல் வட்டாரம்

விறகு, மரம், தழை, மேய்ச்சல் என்று காட்டிலிருந்து எதை எடுத்தாலும், அடுத்த தலைமுறைக்கும் அதே அளவு கிடைக்கும்படி எடுத்துக்கொள்ளும் முறையே நீடித்த வன மேலாண்மை. அடிப்படைக் கணக்கு எளிது. ஓராண்டில் காடு எவ்வளவு வளர்கிறதோ அதற்கு மேல் வெட்டக் கூடாது. 300 ஏக்கர் காட்டில் மரம் முற்ற 30 ஆண்டு ஆகுமென்றால் ஆண்டுக்கு 10 ஏக்கர் வெட்டலாம். 31ஆம் ஆண்டு முதல் துண்டுக்குத் திரும்பும்போது அங்கே மறுபடி மரம் நிற்கும். இப்படிப் பிரித்த வெட்டுத் துண்டுக்குக் கூப்பு என்று பெயர். மலையடிவார ஊர்களில் கூப்புக்குப் போவது என்றாலே மரம் வெட்டும் வேலைக்குப் போவதுதான்.

தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலுக்கும் கழுகுமலைக்கும் இடையில் இருக்கிறது குருவிகுளம். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். சுற்றிலும் மானாவாரிக் கரிசல். காட்டைப் பற்றிய கட்டுரையில் இந்த ஊருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டில் வன மேலாண்மையின் தீராத வழக்குகள் பல மலையில் இல்லை, கண்மாய்க்குள் கிடக்கின்றன. கரிசலும் ஒரு காலத்தில் மரக்காடாக இருந்த நிலம் என்பது இப்பக்கத்து நினைவில் ஊறிய செய்தி. அருகிலுள்ள இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலில், வடக்கேயிருந்து வந்த குடிகள் காட்டுக்குத் தீ வைத்துத்தான் நிலம் திருத்துகிறார்கள். புதினத்தை ஆவணமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் குடியேற்றத்தின் முதல் வேலை காடழிப்பு என்பதை அது மழுப்பவில்லை.

தோற்றம்

வளர்வதற்கு மேல் வெட்டக் கூடாது என்ற கணக்கை முதலில் நூலாக எழுதியவர் சாக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். ஃபிரைபெர்க் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரம் கிடைக்காமல் திண்டாடிய காலத்தில், 1713இல் அந்த நூல் வெளிவந்தது. காட்டின் மேலுள்ள பாசத்தால் பிறந்த அறிவியல் அல்ல இது. உலை அணைந்துவிடக் கூடாதே என்ற கவலையில் பிறந்தது. அந்தச் சாயல் இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

தென்னிந்தியாவிலும் தட்டுப்பாடுதான் தொடங்கிவைத்தது. கப்பல் கட்டும் தேக்கு அருகிவந்த 1840களில், மலபார் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். அங்கே நாற்று வளர்த்து நட்டு ஆளாக்கியவர் சாத்து மேனன். 1856இல் சென்னை மாகாண வனத்துறை அமைந்தது. ஹியூ கிளெக்ஹார்ன் அதன் முதல் வனக் காப்பாளர். 1864இல் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் இந்திய வனத்துறைக்கே தலைமை ஏற்றார். சாக்சனிக் கணக்கு இப்படித்தான் நம் மலைகளுக்கு வந்தது. ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டைகள் மலைமலையாக வேண்டியிருந்ததால் அதற்கு உடனே மரியாதையும் கிடைத்தது.

1878இன் இந்திய வனச் சட்டத்தைச் சென்னை மாகாணம் அப்படியே ஏற்கவில்லை. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கிராமத்தாருக்குள்ள பழைய உரிமைகளை அது விழுங்கிவிடும் என்று இங்கிருந்த வருவாய் அதிகாரிகளே மறுத்தார்கள். 1882இல்தான் மாகாணத்துக்கெனத் தனிச் சட்டம் வந்தது. எதிர்ப்பு சட்டத்தைத் தள்ளிப்போட்டது. காப்புக் காடுகளின் எல்லைக் கல்லைத் தள்ளிவைக்கவில்லை.

குருவிகுளத்தைச் சுற்றிலும் சிவகிரி, ஊத்துமலை, எட்டயபுரம் என்று ஜமீன்கள் நிறைந்திருந்தன. ஜமீன் காடுகள் அரசின் கூப்புக் கணக்குக்குள் வரவில்லை. அம்பாசமுத்திரத்துக்கு மேலே சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் தேயிலைக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலைக் காடு இதற்குப் பேர்போன உதாரணம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும், கைவிட்டுப் போகும் காட்டை அதற்கு முன்பே வெட்டி விற்றுவிடுவார்கள் என்ற அச்சம் எழுந்தது. தனியார் காடுகளைக் காக்க 1949இல் வேறொரு சட்டம் வேண்டியிருந்தது.

கண்மாய்க் கருவேலம்

சமவெளியில் கூப்புக் கணக்கு ஓரளவு நேர்மையாக நடந்த இடம் கண்மாய். 1976இல் தேசிய வேளாண் ஆணையம் சமூகக் காடுகளைப் பரிந்துரைத்தது. 1981 முதல் ஸ்வீடன் நிதியுதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் நடந்தது. கண்மாய்களின் நீர்பிடிப் பகுதியில் நாட்டுக் கருவேலம் நடப்பட்டது. நீரில் கன்று அழுகிவிடாமல் இருக்க மண்மேடு போட்டு, மேட்டின் மேல் நட்டார்கள். இதற்கு ஆட்டுக்கிடையில் பொறுக்கிய விதை விசேஷம்: ஆடு நெற்றைத் தின்று, அதன் வயிற்றுக்குள் தோல் இளகி வெளிவரும் விதை சீக்கிரம் முளைக்கும். ஏறத்தாழ பத்தாண்டில் மரம் ஏலத்துக்கு வரும். வருமானத்தில் ஊராட்சிக்கும் பங்கு. கலப்பைக்கும் வண்டிக்கும் கருவேலத்துக்கு ஈடு இல்லை என்றிருந்த தலைமுறைக்கு இதைப் புரியவைக்க அதிகாரி தேவைப்படவில்லை.

ஆனால் விறகுக் கணக்கு மட்டும் பார்த்தால் பத்தாண்டு சரி, பறவைக்குச் சரியில்லை. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் கண்மாய்க் கருவேலங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. 1994இல் அது சரணாலயம் ஆனது. அங்கே மரத்தை ஏலம் விட்டால் கணக்கு நேராகும், குளம் வெறிச்சோடும். இதனால்தான் நவீன வரையறைகள் மரத்தின் கன அடியோடு நிற்பதில்லை. 1992 ரியோ மாநாட்டின் வனக் கோட்பாடுகளும், 1998இல் இந்தியா வகுத்த போபால் நெறிமுறையின் 8 அளவுகோல்களும் நீர், மண், உயிரினம், அடிவார மக்களின் பிழைப்பு எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கச் சொல்கின்றன.

சீமைக் கருவேலம்

கரிசலில் நீடித்த மேலாண்மைக் கோட்பாட்டைத் தலைகீழாக்கிய மரம் இது. 1876இல் வறண்ட நிலங்களில் விறகுக்காக இதன் விதையைக் கேட்டு எழுதியவர் வனக் காப்பாளர் பெடோம். திருநெல்வேலி மலைகளின் செடிகொடிகளையும் பாம்புகளையும் தேடித் தேடிப் பதிவு செய்த அதே பெடோம்தான். அடுத்த ஆண்டு விதை வந்து கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டது. காமராசர் காலத்தில் விமானத்தில் விதை தூவினார்கள் என்ற ஊர்ப்பேச்சு இங்கே இன்றும் உண்டு. மரம் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது.

விறகுக்கு வந்தது கண்மாய்க்குள் இறங்கியது. நெற்றை ஆடுமாடு விரும்பித் தின்கிறது. போன இடமெல்லாம் சாணத்தோடு விதைக்கிறது. வெட்டினால் தூரிலிருந்து மறுதாம்பு பல கிளையாக வெடிக்கிறது. நாட்டுக் கருவேலமும் உடைமரமும் நின்ற இடத்தை இது பிடித்துக்கொண்டது.

இதன் மறுபக்கம் கரிமூட்டம். துண்டு போட்ட விறகை நெருக்கமாக அடுக்கி, தழையும் வைக்கோலும் பரப்பி, மேலே ஈரமண் பூசி, ஒரு துளை வழியே தீ வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை அடர்ந்து வரும். பிறகு புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி பிடித்துவிட்டது என்று பொருள். துளைகளை அடைத்து ஆறவிட வேண்டும். இரவும் பகலும் ஆள் காவல் இருக்க வேண்டும், ஏனென்றால் மண்பூச்சு விரிந்து காற்றுப் புகுந்தால் உள்ளே எல்லாம் சாம்பல். மழை பொய்த்த ஆண்டுகளில் தென் மாவட்டங்களின் கரிசல் குடும்பங்கள் பலவற்றுக்கு அடுப்பெரிந்தது இந்த மூட்டத்தால்தான். ஆகவே ‘நாசகார மரம்’ என்று ஒரே சொல்லில் முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கண்மாய்க்குள் அது வேண்டாம் என்பதிலும் ஐயமில்லை.

இதை அகற்றக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தவர் அரசியல் தலைவர் வைகோ. அவருடைய ஊரான கலிங்கப்பட்டி குருவிகுளம் ஒன்றியத்தில்தான் உள்ளது. 2017 தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவுப்படி தென் மாவட்டங்களில் மண்வெட்டிகளும் பொக்லைன்களும் இறங்கின. சில மாதங்களிலேயே, அறிவியல் ஆய்வில்லாமல் அகற்றுவது சரியா என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தின் சென்னை அமர்வில் எழுந்து வேலை தடைபட்டது. பின்னர் மறுபடி தொடங்கியது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றிய இடத்தில் நாட்டு மரங்களைக் கொண்டுவருவதும் அதன் பகுதி. அதே ஆண்டு தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்தது.

விளைவதற்கு மேல் வெட்டாதே என்பது பொது விதி. சீமைக் கருவேலத்துக்கு மட்டும், விளைவதைவிட வேகமாக வெட்டினால்தான் மேலாண்மை. அரைகுறையாக வெட்டினால் அது அடுத்த அறுவடைக்கான கவாத்து ஆகிவிடுகிறது. ஏலம் எடுப்பவருக்குத் தூர் தழைப்பது லாபம், கண்மாய்க்கு நட்டம். ஏல நிபந்தனையில் தூரோடு எடுப்பதையும், பின் மூன்று நான்கு ஆண்டு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குவதையும் சேர்க்காத அகற்றல் எதுவும் நிலைக்காது.

சட்டநிலை

1980இன் வனப் பாதுகாப்புச் சட்டம் காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. கூடலூர்க் காடுகள் பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று, மத்திய அரசு ஒப்பிய செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்றது. 1990இல் வந்த கூட்டு வன மேலாண்மையும், 1997இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டமும் கிராம வனக் குழுக்களை உருவாக்கின. இவை பெரிதும் காப்புக் காட்டையும் அதன் அடிவாரத்தையும் பற்றியவை.

குருவிகுளம் போன்ற சமவெளியில் நிர்வாகம் வேறு. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத்துறையிடம். எனவே இங்கே ஒரு கண்மாயின் மரம் எப்போது, எந்த நிபந்தனையில் ஏலம் போகிறது என்பதைக் கிராம சபையில் எழுந்து கேட்கலாம். கேட்க வேண்டும்.