வீடு என்னும் அலகு: செங்கல்பட்டில் ஊதியமில்லா உழைப்பும் சேவைத் துறைக் கணக்கும்

செங்கல்பட்டுப் பகுதியில் சேவைத் துறையின் வளர்ச்சியைப் பேசுவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையையும், 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரத்தைச் சூழ்ந்தெழுந்த விடுதிகளையும் தொடக்கமாகக் கொள்வர். ஆயின் பணிக்கு மதிப்பிட்டுக் கணக்கெழுதும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதியதன்று.

1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகக் கம்பெனி பெற்ற இப்பகுதியைத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அளவாய்வு செய்தார். ஊர்தோறும் வீடுகள் தொழில்வாரியாக எண்ணப்பட்டன. களத்து நெல்லிலிருந்து கணக்கர், வெட்டியான், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோர் பெற்ற பங்குகளும் பதிவாயின. இப்பங்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் வழங்கிற்று (பின்னதை இன்றைய பொருளில் கொண்டால் ஆவணம் விளங்காது). இங்கு நோக்கத்தக்கது, பங்கு பெறும் அலகு ஆள் அன்று, வீடு என்பதே. வண்ணார் வீட்டுப் பெண்ணும் துறையில் துவைத்தாள். தமிழக ஊர்களில் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சியர் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்தினர். அவ்வுழைப்பு வீட்டின் பெயரால் எழுதப்பட்ட பங்கில் கரைந்தது. நெல் குத்துதல், நீர் சுமத்தல் போன்ற சொந்த வீட்டுப் பணிகளுக்கோ பங்கே இல்லை.

பிறரைக் கொண்டு செய்விக்கக்கூடிய பணி எதுவும் உற்பத்தியே என மார்கரெட் ரீடு 1934இல் வரையறுத்தார். கடற்கரை விடுதிகளில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. விரிப்பு மாற்றல், சமைத்தல், துவைத்தல் ஆகியன அங்கு மாநில வருமானத்தில் சேர்கின்றன. அதே பெண் மாலையில் தன் வீட்டில் அவற்றைச் செய்யும்போது சேர்வதில்லை. எனவே சேவைத் துறை வளர்ச்சியாகக் காட்டப்படுவதில் ஒரு பகுதி, எண்ணப்படாத உழைப்பு எண்ணப்படும் இடத்துக்குப் பெயர்ந்ததே எனக் கருத இடமுண்டு.

உழைப்பு பெயர்ந்தாலும் வீட்டுச் சுமை பெரிதும் குறையவில்லை. தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுப் பணியில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் 2019இல் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், 2024இல் 289 நிமிடம். ஆண்களுக்கு முறையே 97, 88. இல்லத்தரசியரை இரவலருடனும் கைதியருடனும் ஒருங்கே வைத்த 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வகைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2010இல் கண்டித்தது.

2019 வரை செங்கல்பட்டை உள்ளடக்கியிருந்த மாவட்டத்தின் தலைநகரான காஞ்சிபுரத்தில், 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. மாதம் 1,000 ரூபாய். அதனைப் பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான ஏற்பாகவே அரசு முன்வைத்தது. பெயரில் 'கூலி' இன்றி 'உரிமை' இருப்பது சரியான தேர்வே. ஆயினும் தகுதியைத் தீர்மானிப்பவை குடும்ப வருமானம், குடும்ப நிலம், குடும்ப அட்டை. பர்னார்டின் 'வீடு' இங்கு அட்டையாகிறது. ஓர் அட்டைக்கு ஒருவரே பயனாளி என்பதால், ஒரே அடுப்பில் மாமியாரும் மருமகளும் உழைத்தாலும் தொகை ஒருவர் கணக்கிலேயே வரவாகிறது.