கிழித்தால் போதுமா?

காகிதத்தை நறுக்கும் இயந்திரத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. அமெரிக்கரான அபாட் லோ 1909-லேயே காப்புரிமை வாங்கினார். ஆனால் கடைக்கு வரவில்லை. 1930-களில் ஜெர்மனியின் அடால்ஃப் எஹிங்கர், நாஜி எதிர்ப்புத் தாள்களை அழிக்க, மாவை இழையாக வெட்டும் கருவியைப் பார்த்து ஒன்று செய்தார் என்பார்கள்.

சுவாரசியம் இனிமேல்தான். 1979 நவம்பரில் டெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகம் முற்றுகையானபோது, உள்ளே இருந்தவர்கள் ரகசியக் காகிதங்களை அவசர அவசரமாக நீளவாக்கில் நறுக்கிப் போட்டார்கள். ஈரானியர்கள் அந்த நாடாக்களைப் பொறுமையாக ஒட்டிச் சேர்த்துப் புத்தகங்களாகவே வெளியிட்டுவிட்டார்கள்!

கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் 1989-90-ல் கையாலும் கிழித்தது. மிஞ்சியவை சுமார் 16,000 மூட்டைகள். அவற்றிலும் பல லட்சம் பக்கங்களைப் பிறகு ஒட்டிவிட்டார்கள்.

நாம்? மாற்றலாகி ஊர் விட்டு ஊர் போகும்போது பாஸ்புக், கையெழுத்திட்ட பான் கார்டு ஜெராக்ஸ் எல்லாவற்றையும் முழுசாகவே பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போடுகிறோம். வங்கிக்காரனாகச் சொல்கிறேன்: எண்ணும் கையெழுத்தும் உள்ள பக்கங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து, ஒரு பக்கெட் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிடுங்கள். கூழை யாராலும் ஒட்ட முடியாது.