கோட்டைப்பட்டினம் படகும் வானத்துக் கண்ணும்

புதுக்கோட்டை என்றதும் எல்லோரும் சித்தன்னவாசலையும் திருமயம் கோட்டையையும் சொல்வார்கள். அந்த மாவட்டத்துக்குக் கடலும் உண்டு என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை! மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று ஒரு கடற்கரையே இருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இருந்து விசைப்படகுகள் பாக் நீரிணைக்குள் மீன்பிடிக்கப் போகின்றன.

கரை கண்ணுக்கு மறைந்த பிறகு அந்தப் படகு எங்கே இருக்கிறது? செல்போன் கோபுரம் எட்டாது. வாக்கி டாக்கியும் கொஞ்ச தூரம்தான். ரேடார் அலை நேர்கோட்டில் போகிறது, பூமியோ உருண்டை. அதனால் தூரத்துப் படகு அடிவானத்துக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டருக்கும் இதே கதிதான். கடலில் ஆபத்து வந்தால் முதல் பிரச்சினை காப்பாற்றுவது அல்ல, கண்டுபிடிப்பது.

ஒரு விமானம் காணாமல் போனது

இதற்கு வழி தேட வைத்தது ஒரு விமானம். 1972 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் அலாஸ்காவில் ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் போன சிறு விமானம் காணாமல் போனது. 39 நாள் தேடினார்கள். இன்று வரை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் விமானங்களில் ஆபத்து சமிக்ஞை அனுப்பும் கருவி கட்டாயமானது.

அந்த சமிக்ஞையைக் கேட்க ஆள் வேண்டுமே? 1979-ல் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் சேர்ந்தன. பனிப்போர் நடந்த காலம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். 1982 ஜூன் 30-ல் சோவியத்தின் காஸ்மோஸ்-1383 செயற்கைக்கோள் மேலே போனது. அதே ஆண்டு செப்டம்பர் 10-ல் கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தின் சமிக்ஞை அதன் வழியாகக் கிடைத்து மூன்று பேர் பிழைத்தார்கள். காஸ்பாஸ்-சார்சாட் என்ற இந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. இந்தியாவும் அதில் இருக்கிறது.

எண்ணெய்க் கிணறுகளுக்குப் பறப்பவர்கள்

கருவி கூப்பிட்ட பிறகு தேடுவது ஒரு வகை. ஆபத்து வருமுன்பே பார்த்துக்கொண்டிருப்பது இன்னொரு வகை. இதன் அவசியத்தைக் காட்டியவை கடல் நடுவே உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஹெலிகாப்டர்கள். மெக்சிகோ வளைகுடாவில் இவை ரேடாருக்கு எட்டாத தாழ்வில் பறந்தன. 2009-ன் கடைசியில் எண்ணெய் மேடைகள் மீதே ஏற்பி நிலையங்கள் வைத்து, ஹெலிகாப்டர் தன் இடத்தைத் தானே சொல்லும் ஏ.டி.எஸ்.-பி முறை அங்கே வந்தது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிடம் இடத்தைத் தெரிந்துகொண்டு, அதை விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே போவதுதான் இதன் சூட்சுமம். 2019 முதல் 66 இரிடியம் செயற்கைக்கோள்கள் இந்த ஒலிபரப்பை வானத்திலிருந்தே கேட்கின்றன. மேடையே இல்லாத நடுக்கடலும் இதில் அடங்கும்.

நம் நாட்டில் இப்படிப்பட்ட பயணம் அதிகம் நடப்பது மும்பை ஹையில். 2003 ஆகஸ்ட் 11-ல் அங்கே ஒரு ஹெலிகாப்டர் கடலில் விழுந்து 29 பேரில் 27 பேர் இறந்தார்கள். 2018 ஜனவரியில் ஜுஹூவிலிருந்து கிளம்பிய இன்னொன்றில் 7 பேரும் இறந்தார்கள். 2022 ஜூன் 28-ல் 9 பேரோடு ஒன்று எண்ணெய் மேடைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. 5 பேர் மீட்கப்பட்டார்கள், 4 பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

படகுக்கு எப்போது வந்தது?

விமானத்துக்கு வந்த வசதி மீன்பிடிப் படகுக்கு வர நாளானது. இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி 2010-ல் நடைமுறைக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோள் வழியே பெங்களூரு போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். ஆனால் அது ஒருவழிப் பாதை. கரையிலிருந்து படகுக்கு எதுவும் சொல்ல முடியாது.

அந்தக் குறையின் விலை 2017-ல் தெரிந்தது. நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கடந்தபோது, பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான் இருவழிக் கருவி பற்றிய பேச்சு வேகம் பிடித்தது. 364 கோடி ரூபாயில் 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கிவைக்கப்பட்டது. புயல் செய்தி படகுக்கு வரும். எல்லைக் கோட்டை நெருங்கினாலும் எச்சரிக்கும்.

எல்லைக் கோடு என்றதும்...

புதுக்கோட்டைக் கடலில் சிக்கல் இங்கேதான். 1974 ஒப்பந்தத்தில் போட்ட அந்தக் கோடு குறுகலான கடலில் இருக்கிறது. தாண்டினால் கைது, படகு பறிமுதல். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு படகுகளைக் கண்காணிப்பது நாட்டின் பாதுகாப்பு விஷயமாகவும் ஆகிவிட்டது. அப்படியானால் இந்தப் பெட்டி காப்பாற்றவா, காட்டிக்கொடுக்கவா என்ற சந்தேகம் ஒரு மீனவருக்கு வந்தால் அதில் தப்பில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2021 ஜனவரி 18-ல் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு மூழ்கி 4 பேர் இறந்தார்கள். இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதியதாக மீனவர்கள் சொன்னார்கள். தப்பிக்கும்போது படகுதான் மோதியது என்றது கடற்படை. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு கோட்டைப்பட்டினம் படகு மூழ்கி ஒருவர் இறந்தார். அப்போதும் இதே வழக்குதான். படகு எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தது என்ற பதிவு முழு உண்மையையும் சொல்லிவிடாது. ஆனாலும் செத்தவன் பக்கம் பேச ஒரு சாட்சி இருக்கும்.

ஹெலிகாப்டர் விமானி தன் கருவியை அணைப்பதில்லை. அது தன் உயிருக்காக என்று அவருக்குத் தெரியும். கோட்டைப்பட்டினத்துப் படகோட்டியும் அதை அணைக்காமல் வைத்திருக்க வேண்டுமானால், அந்தப் பதிவை யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை அவரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெட்டி இலவசமாகக் கிடைக்கிறது. நம்பிக்கையை அப்படி வாங்க முடியாது.