அழகான களை: பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

மழை விட்ட மறுவாரம். வேலியோரம் யாரும் நடாத ஒரு செடி தலைகாட்டுகிறது. வெள்ளைப் பூ, கீழிதழில் ஊதாத் தீற்று. காலையிலேயே தேனீக்கள் வந்துவிடுகின்றன. "களை, பிடுங்கிப் போடு" என்கிறார் தாத்தா. "அழகா இருக்கு தாத்தா, விட்டுடுங்க" என்கிறாள் பேத்தி. இருவரில் யார் சொல்வது சரி?

வீட்டுக்கு வீடு எழும் சின்னக் கேள்விதான். ஆனால் இதே கேள்விக்குத் தவறான பதில் சொன்னதால் ஆறுகள் அடைபட்டிருக்கின்றன, மலைச் சரிவுகளின் மேல்மண் கரைந்து போயிருக்கிறது, தோட்டத் தொழிலாளர்களின் உடல்நலம் கெட்டிருக்கிறது. மலேசிய, சிங்கப்பூர் மண்ணில் இதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

அழகை நம்பிய கதை

வெங்காயத் தாமரையிலிருந்து தொடங்கலாம். தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியில் பிறந்த செடி இது. இளம் ஊதாப் பூங்கொத்து. மேல் இதழில் மயில் கண் போல ஒரு மஞ்சள் புள்ளி. பார்த்தவர்கள் மயங்கினார்கள். 1894ஆம் ஆண்டு ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு இது வந்து சேர்ந்தது. அதே காலகட்டத்தில் சிங்கப்பூர், மலாயாக் குளங்களிலும் அலங்காரச் செடியாக இடம்பிடித்தது.

காம்பில் காற்றுப் பை, பக்கவாட்டில் குட்டி போடும் தண்டு. இந்த இரண்டும் போதும் அதற்கு. வெப்பமும் சத்தும் உள்ள நீரில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். மலாய்க்காரர்கள் இதன் பருத்த காம்பைப் பார்த்து 'கெலாடி புந்திங்' என்றார்கள். சூல்கொண்ட சேம்பு என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

வங்காளத்தில் இது படகுப் போக்குவரத்தையும் நெல் வயலையும் முடக்கியது. அதை ஒழிப்பதற்கென்றே 1936ஆம் ஆண்டு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு பூவை அடக்க ஒரு சட்டம்! சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பன்றிப் பண்ணைக்காரர்கள் இதை அவித்துத் தீவனமாக்கினார்கள். பயன் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பயனைவிட வேகமாகச் செடி வளர்ந்தது என்பதும் உண்மை.

ஒரு புல்லும் நிற்கக் கூடாது

அப்படியானால் தானாக முளைப்பதையெல்லாம் பிடுங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனமா? அதையும் மலாயா செய்து பார்த்தது.

1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்து பிறந்த தொழில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை அழித்துப் பரவியது. அன்றைய துரைமார்களின் பெருமை, மரத்தடியில் ஒரு புல்கூட இல்லாத வெறும் மண். அதுவே நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது.

அந்தப் பெருமைக்கு முதுகு வளைத்தவர்கள் தமிழர்கள். நட்ட மரம் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை தோட்டத்தில் பெரிய வேலை களையெடுப்புதான். கங்காணி அழைத்து வந்த ஆட்கள், குறிப்பாகப் பெண்களும் பிள்ளைகளும், நிரை நிரையாகப் புல் வெட்டினார்கள். ஆண்களைவிடக் குறைந்த கூலி. லாலாங் புல்லோடு பூத்து நின்ற தொட்டாற்சிணுங்கியும் செண்டுடுக்கும் சேர்ந்தே போயின.

விளைவு என்ன? வெப்பமண்டல மழை வெறும் மண்ணில் நேராக அறைந்தது. நூற்றாண்டுக் கணக்கில் காடு சேர்த்து வைத்த மேல்மண் ஓடைக்குப் போனது. அதே வேளையில், 'ஒழுங்கில்லாதவை' என்று துரைமார்கள் ஏளனம் செய்த கம்பத்துச் சிறு தோட்டங்களில் மரங்களுக்கிடையே செடிகொடி மண்டிக் கிடந்தது. அங்கே மண்ணும் தங்கியது, மரமும் பால் கொடுத்தது!

பாடம் மெல்ல உறைத்தது. 1920களிலும் 1930களிலும் மண் மூடும் கொடிகளைத் தோட்டங்கள் தாங்களே விதைக்கத் தொடங்கின. சங்குப்பூவின் உறவான சென்ட்ரோசீமா அவற்றுள் ஒன்று. இளம் ஊதாப் பூ, காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் வேர். நேற்றுவரை முளைத்தவற்றையெல்லாம் வெட்டியெறிந்த கைகள், இன்று கொடி விதை தூவின.

கைக்குப் பதில் மருந்து

1960களில் இன்னொரு திருப்பம். ஆள் வைத்துப் புல் வெட்டுவதைவிடக் களைக்கொல்லி மலிவு என்று கணக்குப் போடப்பட்டது. பாராகுவாட் என்ற மருந்து தோட்டங்களில் பரவலாயிற்று. முதுகில் கலனைச் சுமந்து மருந்தடித்தவர்களில் கணிசமானோர் இந்தியப் பெண்கள். மூக்கில் இரத்தம் வடிதல், நகம் கழன்று விழுதல், கண் எரிச்சல் என அவர்கள் பட்ட பாடு பதிவாகியுள்ளது. இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து இல்லை. 2002ஆம் ஆண்டு மலேசிய அரசு இதற்குத் தடை கொண்டு வந்தது. 2006ஆம் ஆண்டு தளர்த்தியது. மீண்டும் முழுத்தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான்.

முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களையச் சொன்னார் வள்ளுவர். முற்றினால் வெட்டுபவரின் கையையே அது வருத்தும் என்பது அவர் தந்த காரணம். மலாயாவின் வரலாற்றில் ஒரு வேறுபாடு உண்டு. முடிவெடுத்த கை வேறு, வருந்திய கை வேறு.

பூவே காவலானது

வேலியோரத்து வெள்ளைப் பூவுக்கு வருவோம். அசிஸ்டேசியா என்பது தாவரப் பெயர். மலேசியாவில் 'ரும்புட் இஸ்ராயில்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கச் செடி, பின்னர் செம்பனைத் தோட்டங்களின் பெரும் தலைவலியாகிவிட்டது. காய்ந்த காய் பட்டென்று வெடித்து விதைகளைச் சில மீட்டர் தூரம் எறியும். தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். எருவிட்டால் செம்பனையின் பங்கை இது உறிஞ்சிக்கொள்ளும்.

அதற்காக இதில் நல்லதே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். தேனீக்கு உணவு. சில வண்ணத்துப் பூச்சிகள் இதன் இலையில்தான் முட்டையிடுகின்றன.

இன்னொரு சுவையான செய்தி. சாலையோரம் களை போல மண்டும் டர்னேராவை மலாய் மொழியில் 'எட்டு மணிப் பூ' என்பார்கள். காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். இன்று மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் பாதையோரம் இதையே வேண்டுமென்று நடுகிறார்கள். காரணம், செம்பனை ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுக்களை ஒடுக்கும் குளவிகளுக்கு இதன் தேன் உணவாகிறது. மருந்தடிப்பும் குறைகிறது. அன்று பிடுங்கத் தோன்றிய பூ இன்று காவலாளி!

மூன்று கேள்விகள்

ஆக, முகத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்களும் ஏமாந்தார்கள். முகம் பாராமல் எல்லாவற்றையும் பிடுங்கியவர்களும் ஏமாந்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, இதன் விதை எங்கே போகும்? கால்வாய், ஆறு, காட்டோரம் அருகில் இருந்தால் அயலகச் செடியை விட்டுவைக்கக் கூடாது. வெங்காயத் தாமரைக்கு எந்தக் குளத்திலும் இடமில்லை. பிடுங்கியதைக் கால்வாயில் வீசுவது நட்டு வைப்பதற்குச் சமம். பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும்.

இரண்டு, இதைப் பிடுங்கினால் மண்ணை யார் மூடுவார்? சரிவான இடமென்றால் மாற்றுச் செடி நடும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

மூன்று, இதை நம்பி வாழ்வது யார்? செண்டுடுக் இந்த மண்ணுக்கே உரிய செடி. அதன் பழத்தைத் தின்று நாக்கு ஊதாவாகத் திரிந்த தோட்டத்துப் பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். பறவைகளுக்கும் அது பழம். அதைப் பிடுங்க அவசியமே இல்லை.

பிடுங்குவதென்று முடிவானால், செடி இளையதாக, மண் ஈரமாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். நான்கு செடிக்காக மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

தாத்தாவும் பேத்தியும் சமாதானமாகப் போகலாம். பூவை ஒரு வாரம் பேத்தி ரசிக்கட்டும். காய் பிடித்து முற்றும் முன், ஒரு மழைக்கு மறுநாள், தாத்தா அதை வேரோடு எடுக்கட்டும். அந்த இடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு செண்டுடுக் நட்டால், வேலியோரமும் வெறுமையாகாது. அதிலும் ஊதாப் பூதான் பூக்கும்.