ஸ்பீடோ கேபிளும் சென்சாரும்

வண்டலூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் பக்கம் வந்தால், பெருங்களத்தூரில் கண்ணாடிக் கட்டடங்களாக ஒரு மென்பொருள் வளாகம் நிற்கிறது. அந்த நிலத்தில்தான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஹெரால்டு கார், 1970களில் கெஸல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று வந்து, 1988-இல் உற்பத்தி நின்றுபோனது. அந்தத் தலைமுறைக் கார்களில் வேகமுள்ளை ஆட்டியது மின்சாரம் அல்ல, ஒரு கம்பி. பணிமனை வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் அந்தக் கம்பியின் கதையை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். கியர்பாக்ஸில் ஒரு சின்னப் பல்சக்கரம், அதிலிருந்து மீட்டர் வரை ஓர் உறை, உறைக்குள் முறுக்குக் கம்பி. கம்பியின் மறுமுனையில் ஒரு காந்தம் சுழலும். காந்தத்தை மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஆனாலும் காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கும். இந்த இழுபறியில் கிண்ணம் எவ்வளவு திரும்பி நிற்கிறதோ, அதுதான் முள் காட்டும் வேகம். பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியைத் தள்ளினாலும் முள் அசையும்!

கேபிள் சாகுமுன் சொல்லிவிட்டுத்தான் சாகும். முதலில் முள் நடுங்கும். பிறகு டாஷ்போர்டுக்குப் பின்னால் எலி கத்துவதுபோல ஒரு சத்தம். ஒருநாள் முள் பூஜ்ஜியத்தில் படுத்துவிடும். மீட்டருக்குப் பின்னால் உள்ள நட்டைக் கழற்றி, அறுந்த கம்பியை உருவி, புதுக் கம்பிக்கு கிரீஸ் தடவிச் செருகினால் வேலை முடிந்தது. அதுவரை வண்டி பாட்டுக்கு ஓடும். வேகம் என்பது ஓட்டுநரின் கண்ணுக்கு மட்டுமான செய்தி. எஞ்சினுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அந்த நட்டில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. அதைக் கழற்றிவிட்டால் கிலோமீட்டரும் ஏறாது. பழைய கார் வாங்கப் போன விவரமானவர்கள் மீட்டரைப் பார்க்காமல் பிரேக் பெடலின் ரப்பர் தேய்மானத்தைப் பார்த்தது அதனால்தான்.

1999-இல் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துக்குப் புகைக் கட்டுப்பாட்டை இறுக்கியது. சில ஆண்டுகளில் அது சென்னைக்கும் வந்தது. கார்புரேட்டர் போய், கணினி எரிபொருளை அளந்து ஊற்றும் முறை வந்தது. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பது அந்தக் கணினிக்குத் தெரிந்தாக வேண்டும். அங்கேதான் கம்பியின் இடத்தில் சென்சார் உட்கார்ந்தது. அதற்கு அடிப்படை, 1879-இல் அமெரிக்காவில் எட்வின் ஹால் கண்டறிந்த காந்த விளைவு. ஜப்பானிய முறையில் கேபிள் ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று சுற்றும். அதே கணக்கில் சென்சார் சுற்றுக்கு 4 துடிப்பு, ஆக கிலோமீட்டருக்கு 2548. அறுபதில் போகிறீர்கள் என்றால் நொடிக்கு நாற்பத்திரண்டு துடிப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய காரில் முள் படுத்துவிட்டது. கேபிள் காலமாக இருந்தால் அதோடு போயிருக்கும். இப்போதோ எஞ்சின் விளக்கு எரிந்தது. சிக்னலில் வேகத்தைக் குறைத்தால் வண்டி அணைந்துபோனது. வண்டலூரில் ஒரு மெக்கானிக் தம்பியிடம் போனேன். “சென்சாரைத்தான் மாத்தணும் சார்” என்றார். “மாத்தலாம் தம்பி, முதல்ல வயரைப் பாருங்க” என்றேன்.

மூன்று வயர்: ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். மின்சாரம் வந்தது, எர்த்தும் சரி. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றினோம். ஏறி இறங்க வேண்டிய சிக்னல் அசையவே இல்லை. சரி, மாற்ற வேண்டியதுதான். பேட்டரி முனையைக் கழற்றி, பிளக்கை உருவி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் ஒரே ஒரு போல்ட். சென்சார் கையோடு வந்தது. அடியிலிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பல் முழுதாக இருக்கிறதா என்று பார்த்தோம். புது ஓ-ரிங்கில் ஆயில் தொட்டுச் செருகினோம். வேலை என்னவோ அரை மணி நேரம்தான்.

மாற்றுவது சுலபம், சரியானதை மாற்றுவதுதான் முக்கியம். பல் எண்ணிக்கையோ துடிப்புக் கணக்கோ வேறான பாகத்தைப் போட்டாலும் முள் ஆடத்தான் செய்யும். பாதித் துடிப்புத் தரும் பாகமென்றால், எண்பதில் போகும்போது நாற்பது என்று காட்டும். கம்பிக் காலத்தில் முள் தப்பாகக் காட்டினால் ஏமாறுவது ஓட்டுநர் ஒருவர்தான். இன்று வண்டியே ஏமாறும். 2015 அக்டோபருக்குப் பின் தயாரான வாடகை, சரக்கு வாகனங்கள் பெரும்பாலானவற்றில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்பது விதி. பொதுவாக 80, பள்ளிப் பேருந்துக்கு 60. அந்தக் கருவி நம்பியிருப்பது இதே துடிப்பைத்தான். பொய்த் துடிப்பு கொடுத்தால், கருவி இருந்தும் இல்லாத கதை. உள்ளே உட்கார்ந்திருப்பவை பிள்ளைகள்.

2019 ஏப்ரல் முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அவற்றில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிச் சென்சார். பல கார்களில் வேகமுள்ளுக்கான செய்தியும் அங்கிருந்தே போகிறது. அந்த நட்டுத் திருட்டும் ஒழிந்துவிடவில்லை, ஸ்பேனருக்குப் பதில் மடிக்கணினி, அவ்வளவுதான்.

ஆகவே, யாராவது உங்கள் வண்டிக்கு வேக சென்சார் மாற்றினால் மூன்று காரியம் செய்யுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, புதியதன் எண்ணோடு ஒப்பிடுங்கள். கைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லி, முள்ளோடு சரிபாருங்கள். பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் மீட்டர் சரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். கல் பொய் சொல்லாது.