ஷெர்லாக்குக்கே டிமிக்கி கொடுத்த தவறுகள்... நீங்கள் கவனித்தீர்களா?

காதல் கதையில் ஹீரோவின் சட்டை திடீரென நிறம் மாறினால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். துப்பறியும் தொடரில் அப்படி முடியாது. அங்கே நாம் பார்க்கும் ஒவ்வொரு பொருளும் 'க்ளூ'வாக இருக்கலாம். அதில் ஒன்று தப்பாகிப்போனால், நம்மையும் கூடவே துப்பறியச் சொன்ன ஆட்டமே போங்காட்டம் ஆகிவிடும். பிபிசியின் 'ஷெர்லாக்' (2010-2017) தொடரையே எடுத்துக்கொள்வோம். 13 எபிசோடுகள். பெனடிக்ட் கம்பர்பேட்ச், மார்ட்டின் ஃப்ரீமேன் கூட்டணி. ஸ்பாய்லர் உண்டு, உஷார்!

வீடு ஒரு இடம், வாசல் ஒரு இடம்

தொடரில் காட்டப்படும் 221பி, உண்மையில் பேக்கர் தெருவில் இல்லை. அது லண்டன் நார்த் கோவர் தெருவில் உள்ள 187-ம் எண் கட்டடம். பக்கத்தில் தெரியும் 'ஸ்பீடிஸ்' கஃபேதான் அடையாளம். வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளோ வேல்ஸில் ஸ்டூடியோ செட்டில் எடுக்கப்பட்டவை. அதாவது, ஷெர்லாக் லண்டனில் கதவைத் திறந்து வேல்ஸில் சோபாவில் உட்காருவார். இரண்டையும் வேறு வேறு நாளில் எடுப்பார்கள். கோட்டின் காலர், கையில் இருக்கும் பை, தலைமுடி எல்லாம் அப்படியே பொருந்த வேண்டும். இதற்குப் பெயர்தான் கண்டினியூட்டி. இதைக் குறிப்பெடுத்துக் கண்காணிக்க தனி ஆளே உண்டு.

இல்லாத நட்சத்திரம்

முதல் சீசனின் மூன்றாவது எபிசோடு 'தி கிரேட் கேம்'. வெர்மீர் வரைந்ததாகச் சொல்லப்படும் ஓவியம் போலி என்று ஷெர்லாக் நிரூபிக்க வேண்டும். போனில் ஒரு சிறுவன் பத்திலிருந்து கவுன்ட் டவுன் சொல்கிறான். நேரம் முடிந்தால் அவன் உயிர் போகும். கடைசி நொடியில், ஓவியத்தின் வானில் இருப்பது 1858-ல் தோன்றிய 'வான் பியூரன் சூப்பர்நோவா' என்று கண்டுபிடித்து அவனைக் காப்பாற்றுகிறார் ஷெர்லாக்.

செம சீன்தான். ஆனால், அப்படியொரு சூப்பர்நோவாவே கிடையாது! 1604-க்குப் பிறகு வெறும் கண்ணுக்குப் பளிச்செனத் தெரிந்த சூப்பர்நோவா 1987-ல்தான் வந்தது. இன்னொரு சிக்கல், ஓவியம் 1640-களில் வரையப்பட்டதாக வசனம் வருகிறது. வெர்மீர் பிறந்ததே 1632-ல். அப்போது அவர் பள்ளிக்கூட வயதுப் பையன்! இதில் வேடிக்கை, 1858-ல் வானத்தில் நிஜமாகவே ஒரு விருந்தாளி வந்தது. அது டொனாட்டி வால்நட்சத்திரம். அதையே க்ளூவாக வைத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது.

உங்க போனைத் திருப்பிப் பாருங்க

முதல் எபிசோடில் ஜானின் போனை வாங்கிப் பார்க்கிறார் ஷெர்லாக். சார்ஜர் சொருகும் இடத்தைச் சுற்றிக் கீறல்கள். 'முன்பு இதை வைத்திருந்தவர் குடிகாரர், கை நடுங்கியிருக்கிறது' என்கிறார். இப்போது உங்கள் போனைப் பாருங்கள். இருட்டில் தூக்கக் கலக்கத்தில் சார்ஜ் போட்டாலே அந்தக் கீறல் விழும்! டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில், சாவி கொடுக்கும் பாக்கெட் கடிகாரத்தை வைத்து வந்த துப்பு இது. பொருளை மாற்றியவர்கள், லாஜிக் இன்னும் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை.

தவறா, வேண்டுமென்றே செய்ததா?

எல்லாவற்றையும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. சில, தெரிந்தே வைத்த குறும்புகள். கதையை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலே இதில் கில்லாடி. 1887-ல் வந்த முதல் நாவலில் வாட்சனுக்குத் தோளில் குண்டடி. 1890-ல் வந்த இரண்டாவது நாவலில் அது காலுக்கு இறங்கிவிட்டது! தொடரில் இதை அழகாகச் சமாளித்தார்கள். ஜானுக்குக் காயம் தோளில், நொண்டுவது காலில். கால்வலி மனம் உண்டாக்கியது என்று காட்டி, முதல் எபிசோடிலேயே கைத்தடியை மறந்துவிட்டு ஓடவைத்தார்கள்.

இன்னொன்று, ஒரு சிறுகதையில் ஜான் வாட்சனை அவர் மனைவி 'ஜேம்ஸ்' என்று கூப்பிடுவார். எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஜான் ஹெச்.வாட்சன் என்பதில் வரும் 'ஹெச்', ஹாமிஷ் ஆக இருக்கலாம். ஹாமிஷ் என்பது ஜேம்ஸின் ஸ்காட்லாந்து வடிவம். தொடரிலும் ஜானின் நடுப்பெயர் ஹாமிஷ்தான்!

அடுத்த முறை நீங்கள் பார்க்கும்போது...

மூன்று கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். ஷாட் மாறும்போது பொருள்கள் இடம் மாறுகிறதா? மாறினால் அது கண்டினியூட்டி பிழை. துப்பறிவாளர் சொல்லும் தகவல் உண்மையா? பாஸ் போட்டுவிட்டு ஒரு தடவை தேடினால் தெரிந்துவிடும். அந்தத் தடயத்துக்கு வேறு காரணம் இருக்க முடியாதா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். கொஞ்சம் கீறலை வைத்து ஒருவரைக் குடிகாரர் என்று முடிவுகட்டுவது சீரியலில் ஸ்டைல். நிஜத்தில் அதற்குப் பெயர் அவதூறு. ஷெர்லாக்கே அந்த போன் விஷயத்தில் ஒன்றைக் கோட்டைவிட்டார். 'ஹாரி' என்பது ஜானின் சகோதரர் என்று நினைத்தார். அது ஹாரியட், சகோதரி!