கணக்கேட்டின் மேலட்டை

இத்தாலியின் சியெனா நகரில், பிக்கோலோமினி மாளிகையில் இயங்கும் ஆவணக் காப்பகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு மரப்பலகை ஓவியங்கள் உள்ளன. விவரம் அறியாதவர் அவற்றைத் தேவாலயப் பீடங்களிலிருந்து எடுத்து வந்தவை என்றே எண்ணக்கூடும். உண்மையில் அவற்றுள் பழையவை நகரக் கருவூலத்தின் கணக்கேடுகளுக்கு மேலட்டையாக இருந்தவை.

அக்கருவூலத்தின் பெயர் பிக்கேர்னா. பொறுப்பாளர் காமர்லிங்கோ எனப்படுவார். அவருடன் நான்கு மேற்பார்வையாளர்கள். பதவிக்காலம் ஆறே மாதம். அரையாண்டு முடிந்ததும் வரவு செலவு ஏட்டுக்கு மர அட்டையிட்டு ஓவியரிடம் அனுப்புவார்கள். மேலே காமர்லிங்கோவின் உருவம். கீழே அதிகாரிகளின் பெயர்களும் குலச்சின்னங்களும். எஞ்சியவற்றுள் மிகப் பழையது 1258ஆம் ஆண்டினது. அதில் காணப்படுபவர் ஊகோ, சான் கல்கானோ மடத்துத் துறவி.

பணப்பெட்டியைத் துறவியிடம் கொடுத்தது வெறும் பக்தியினால் அல்ல என்றே நினைக்கிறேன். குலப்பகைகளால் பிளவுண்ட நகரம் அது. எந்தக் குடும்பத்தவர் கையில் கொடுத்தாலும் மற்றவர்களுக்கு உறக்கம் வராது. சொத்தும் வாரிசும் இல்லாதவரே தேவைப்பட்டார். ஆயினும் அவரையும் தனியே விட்டுவிடவில்லை; பக்கத்தில் நால்வர் அமர்ந்திருந்தார்கள்.

அட்டை தீட்டியவர்களுள் துச்சியோவும் ஒருவர். அவருக்குக் கொடுத்த கூலி ஓர் அட்டைக்குப் பத்து சோல்டி அளவே. 1280இல் அதே துச்சியோவுக்கு நகரம் 100 லிரா அபராதம் விதித்தது. ஒரு லிராவுக்கு 20 சோல்டி; ஏறக்குறைய இருநூறு அட்டைகளின் கூலி! (அவர் தீட்டிய அட்டைகளில் ஒன்றுகூட இன்றில்லை. பணம் கொடுத்த குறிப்புகள் மட்டும் இருக்கின்றன.) பின்னர், 1311 ஜூனில் அவருடைய 'மாயெஸ்தா' பீட ஓவியத்தை ஊரே கூடிப் பேராலயத்துக்கு ஊர்வலமாக எடுத்துச் சென்றது. அன்று வாசித்த எக்காளக்காரர்களுக்கு அளித்த கூலியும் நகரின் செலவுக் கணக்கில் ஏறியது. கலை வரலாற்றாசிரியர்கள் இன்றும் அந்த ஏடுகளுக்குத் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். புகழுரை எழுதியவர்களைவிடக் கணக்கெழுதியவர்களே அவர்களுக்கு நம்பகமான சாட்சிகள்.

பதினைந்தாம் நூற்றாண்டில் பொருள் மாறுகிறது. கணக்கர் மறைந்து ஊர்நிகழ்ச்சிகள் இடம்பிடிக்கின்றன. 1467இன் பலகையில் நிலநடுக்கத்துக்கு அஞ்சிய நகரின்மேல் கன்னிமரியாள். 1468இன் பலகை இரண்டாகப் பிரிந்து, சமாதானக் காலத்திலும் போர்க்காலத்திலும் நகரின் நிதியைக் காட்டுகிறது. போரின் பக்கத்தில் பணம் படைவீரர்களிடம் செல்கிறது. பலகைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பறிவு வேண்டியதில்லை.

காலப்போக்கில் ஓவியம் பெரிதாகி ஏட்டைவிட்டே பிரிந்து சுவருக்குப் போய்விட்டது. 1682 வரை இவ்வரிசை நீள்கிறது. முதலில் 'இந்தக் கணக்குக்கு நான் பொறுப்பு' என்று சொன்ன குலச்சின்னங்கள், கணக்கே இல்லாத படத்தின் அடியில் வெறும் பெருமையாக நிற்கின்றன. 1555இல் சியெனா முற்றுகைக்குப் பணிந்து தன்னாட்சியை இழந்த பின்னும் அவற்றைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.